ஒரு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பயனருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி: சிற்பநேசன்

அனைவருக்கும் வணக்கம். கோயில் தூண்களிலும் மண்டபங்களிலும் உள்ள சிற்பங்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிகளில் குறிப்பெழுதி, பெரிய சமூக ஊடகத் தளம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பதிவிட்டு வந்தேன். அண்மையில், நாயக்கர் காலத்துத் தூண் ஒன்றில் உள்ள பெண் சிற்பத்தின் படத்தைப் பாலியல் உள்ளடக்கம் என்று சொல்லி நீக்கினார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று காட்டிய பக்கத்தில் 'இம்முடிவை ஏற்கவில்லை' என்றொரு பொத்தான் இருந்ததே தவிர, இது கருங்கல் சிற்பம் ஐயா என்று ஒரு வரி எழுதுவதற்குக்கூடக் கட்டம் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து முடிப்பதற்குள் மேல்முறையீடு தள்ளுபடி ஆகிவிட்டது. அடுத்து வந்த நாள்களில் கணக்கும் முடக்கப்பட்டது. படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவற்றின் கீழே அந்தந்த ஊர்க்காரர்கள் எழுதியிருந்த தகவல்கள் முழுவதும் போய்விட்டன. அவை வேறெங்கும் இல்லை.

இதைச் சொன்னால் நண்பர்களில் பாதிப் பேர், 'தனியார் நிறுவனம், அவர்கள் வைத்ததே விதி, பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். மீதிப் பேர், கருத்துரிமை பறிபோய்விட்டது, வழக்குப் போடுங்கள் என்று ஏற்றிவிடுகிறார்கள். இரண்டிலும் எனக்கு நிறைவு இல்லை. அரசு எதுவும் சொல்லாமல், தளத்தின் உரிமையாளரே ஒரு பயனரின் வாயை அடைக்கும்போது, அவருக்கு எதிராகப் பயனருக்குச் சட்டத்தில் பிடிமானம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றால், பதிவைத் திருப்பித் தரும்படி கேட்பதா, நீக்கியதற்கான காரணத்தைச் சொல்லும்படி கேட்பதா, எது நிற்கும்? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில்: வழக்குக்கட்டு

சிற்பநேசன் அவர்களுக்கு, உங்கள் நண்பர்கள் இரு தரப்பினரும் பாதிப் பாதி சரி. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் நிறுவனத்துக்கு எதிராக அதைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது என்பதே நெடுங்காலமாக நீதிமன்றங்களில் சொல்லப்பட்டு வந்த விடை. ஆனால் 2023 ஜனவரி 3ஆம் தேதி, கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், நீதிபதி நாகரத்னா இந்தக் கேள்வியில் மாறுபட்டார். அது சமூக ஊடகம் பற்றிய வழக்கே அன்று, ஒரு மாநில அமைச்சரின் பேச்சிலிருந்து கிளம்பியது. எனவே உங்கள் கணக்கை நாளையே மீட்டுத் தரும் தீர்ப்பாக அதை எண்ணிவிட வேண்டாம். ஆனாலும் 'தனியார் என்றால் பேச்சே இல்லை' என்று சொல்பவர்களுக்கு இப்போது பதில் இருக்கிறது.

உங்களுடையதைப் போன்ற இந்திய வழக்கு ஒன்றும் உண்டு. மூத்த வழக்குரைஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019 அக்டோபரில் முடக்கப்பட்டது. 1936இல் ஹாம்பர்க் கப்பல்கட்டும் தளத்தில் கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்தும்போது, ஒரே ஒரு மனிதர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் தம் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார். நாஜிக் கொள்கையை மறுத்து நின்ற மனிதரின் படம், வெறுப்பைப் பரப்பும் படம் என்று தளத்தால் வகைப்படுத்தப்பட்டது. அதையடுத்து, தூக்குத் தண்டனை குறித்து கோரக் பாண்டே எழுதிய இந்திக் கவிதையை மறுபதிவு செய்ததும் குற்றமாகக் காட்டப்பட்டது. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். கணக்கு முடக்கப்பட்ட வேறு சிலரும் அதே நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த வழக்குகளில் மத்திய அரசு 2022இல் தாக்கல் செய்த பதிலில், கணக்கை அடியோடு முடக்குவது கடைசி நடவடிக்கையாகவே இருக்க வேண்டும் என்ற நிலையை எடுத்தது.

நடைமுறையில் உங்களுக்குப் பயன்படக்கூடியது 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்தான். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட தளம் எதுவும், தன் சொந்த முடிவில் ஒரு பதிவை நீக்கும்போது, நீக்குவதற்கு முன்பே பயனருக்கு அறிவிப்பும் காரணமும் தர வேண்டும், அதை மறுத்துப் பேசப் போதிய வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்று 4ஆம் விதியின் 8ஆம் உட்பிரிவு சொல்கிறது. கட்டமே இல்லாத மேல்முறையீட்டுப் பக்கம் எப்படிப் 'போதிய வாய்ப்பு' ஆகும் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பதிவு நியாயமானதா என்ற வாதத்தில் தொடங்கினால், எது ஆபாசம் என்று நீங்களும் அவர்களும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டலாம். முறை பின்பற்றப்படவில்லை என்ற வாதம் நேராக இலக்கைத் தொடும்.

பிரான்ஸில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு இப்படித்தான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டு ஓவியர் கூர்பே வரைந்த நிர்வாண ஓவியம் ஒன்றைப் பகிர்ந்ததை அடுத்து, 2011இல் அவருடைய ஃபேஸ்புக் கணக்கு மூடப்பட்டது. வழக்கைக் கலிஃபோர்னியாவில்தான் நடத்த வேண்டும் என்று நிறுவனம் வாதாடியதை 2016இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ஓவியத்தைத் தளம் அனுமதித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை; முறையாக அறிவிக்காமலும் காரணம் சொல்லாமலும் கணக்கை மூடியது ஒப்பந்தத் தவறு என்றது. இழப்பீடு கிடைக்கவில்லை. மறு ஆண்டு இரு தரப்பும் சமரசமாகி, நிறுவனம் ஒரு தெருவோவியக் கலைச் சங்கத்துக்கு நன்கொடை அளித்தது. ஒரு கணக்குக்காக எட்டு ஆண்டுகள்! உங்களை வழக்குக்கு ஏற்றிவிடும் நண்பர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

பதில்: தேரடி

கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று பேச விரும்புகிறேன். உரிமையாளர் எதையுமே நீக்கக் கூடாது என்ற நிலைக்கு நாம் போய்விடக் கூடாது. நான் ஒரு சிறிய மின்னஞ்சல் குழுவை நடத்தியிருக்கிறேன். வசைகளையும் மிரட்டல்களையும் நீக்காமல் விட்டால் முதலில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறுபவர்கள் பெண்கள். அடுத்து, பொறுமையாக எழுதக்கூடியவர்கள். கடைசியில் வசை பாடுபவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்கச் சட்டம் இதைத் தெரிந்தேதான் உரிமையாளருக்குத் தாராளமாக அதிகாரம் கொடுத்தது. 1996இல் வந்த 230ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்று சொன்னதோடு, தகாதது என்று தளம் நல்லெண்ணத்துடன் கருதி நீக்குவதற்கும் பாதுகாப்பளித்தது. பின்னர் 2021இல், பெரிய தளங்கள் பதிவுகளை நீக்குவதைக் கட்டுப்படுத்த ஃபுளோரிடாவும் டெக்சாஸும் சட்டம் இயற்றின. அவை உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2024 ஜூலை 1ஆம் தேதி, வழக்கு கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டது; ஆனால் எந்தப் பதிவை வைப்பது, எதை விடுவது என்று தளம் தெரிவு செய்வது, பத்திரிகை ஆசிரியரின் தெரிவைப் போன்ற கருத்து வெளிப்பாடே என்று பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். அதாவது உங்களுக்கு இருப்பதைப் போன்ற பேச்சுரிமை உரிமையாளருக்கும் இருக்கிறது என்பதே அங்குள்ள நிலை. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பதில்: ஆழிமகள்

தேரடி ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இருந்தாலும் ஆசிரியர் என்ற ஒப்புமை ஓரிடத்தில் இடறுகிறது. பத்திரிகை ஆசிரியர் தாம் வெளியிட்டதற்குச் சட்டப்படி பொறுப்பேற்கிறார். அவதூறு வழக்கு அவர் மீதும் வரும். இந்தத் தளக்காரர்களோ, வெளியிட்டதற்குப் பொறுப்பு கேட்டால், பிறர் எழுதியதைக் கடத்தும் வெறும் கம்பி, குழாய் என்கிறார்கள். நீக்கியதற்குக் காரணம் கேட்டால் ஆசிரியர் என்கிறார்கள்.

விதி இருப்பதில் எனக்குக் குறையில்லை. விதியை எழுதியவரே, தமக்கு வேண்டும்போது இரவோடு இரவாக அதை மாற்றிக்கொள்வதுதான் குறை. 2022 அக்டோபர் இறுதியில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கிய ஈலான் மஸ்க், தம் விமானம் எங்கே பறக்கிறது என்று வெளியிடும் கணக்கைக்கூடத் தடை செய்ய மாட்டேன், பேச்சுரிமையில் எனக்கு அவ்வளவு பற்று என்று நவம்பரில் எழுதினார். டிசம்பர் 14ஆம் தேதி அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. இருக்கும் இடத்தை நேரலையாக வெளியிடக் கூடாது என்ற விதியும் அதே நாளில்தான் முளைத்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சிஎன்என் ஆகியவற்றின் செய்தியாளர்கள் உள்ளிட்ட பலருடைய கணக்குகள் முடக்கப்பட்டன. அவர்களில் பலர் அந்த விமானக் கணக்கைப் பற்றிச் செய்தி எழுதியவர்கள். பிறகு மஸ்க் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அதன் முடிவின்படி பலரைத் திரும்ப அனுமதித்தார். முன்னறிவிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை.

அதே வாரத்தின் கடைசி நாளில் நடந்தது இன்னும் வேடிக்கை. டிசம்பர் 18ஆம் தேதி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் முதலான தளங்களில் உள்ள தம் பக்கத்துக்குப் பயனர்கள் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று புதிய விதி வந்தது. இது போதும், நான் மாஸ்டடானுக்குப் போகிறேன், இணைப்பு என் இணையதளத்தில் இருக்கிறது என்று எழுதிய முதலீட்டாளர் பால் கிரஹாமின் கணக்கு உடனே முடங்கியது. எதிர்ப்பு வலுத்ததும் சில மணி நேரத்தில் அந்த விதிப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். கிரஹாமின் கணக்கும் திரும்பி வந்தது. பிடிக்காவிட்டால் வேறு இடம் போங்கள் என்று சிற்பநேசன் அண்ணாவிடம் சொன்ன நண்பர்கள், வேறு இடத்துக்குப் போகும் வழியைச் சொல்வதே குற்றமாக்கப்பட்ட அந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்கட்டும்.

நீக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பற்றிச் சண்டையாவது போடலாம். 2023 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட செய்தியின்படி, நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ், ஃபேஸ்புக், புளூஸ்கை போன்ற சில தளங்களுக்கான இணைப்பை, எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த ட்விட்டரில் சொடுக்கினால், பக்கம் திறக்க ஏறக்குறைய ஐந்து வினாடிகள் தாமதம் ஆயிற்று. பிற இணைப்புகள் உடனே திறந்தன. செய்தி வரத் தொடங்கிய பிறகு தாமதம் மறைந்தது. ஐந்து வினாடி என்பது நம் பொறுமையின் எல்லைக்கு மிகச் சரியாக வெட்டப்பட்ட துண்டு. பக்கம் வரவில்லை என்று பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், யாரும் யாரையும் தடுத்ததாகவே தோன்றாது.

ஐரோப்பாவில் இதற்கும் சட்டம் வந்துவிட்டது. அங்குள்ள எண்ணிமச் சேவைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவை நீக்கினாலும் சரி, பிறர் கண்ணில் படாதபடி அமுக்கினாலும் சரி, பாதிக்கப்பட்டவருக்குக் குறிப்பான காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் ஒருவர், தம் கணக்கு எக்ஸ் தளத்தின் தேடலில் வராமல் மறைக்கப்பட்டிருப்பதைப் பிறர் சொல்லி அறிந்து, ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய ஆணையத்தின் சட்ட முன்மொழிவைக் குறைகூறும் செய்தி ஒன்றை அவர் பகிர்ந்திருந்தார். தானியங்கி முறை அதைச் சிறார் பாலியல் சுரண்டலோடு தொடர்புடையதாகத் தவறாகக் குறித்துவிட்டது. 2024 ஜூலையில் நீதிமன்றம், காரணம் சொல்லாமல் கட்டுப்படுத்தியது சட்ட மீறல் என்று தீர்ப்பளித்தது. அந்த மனிதர் கேட்டதும் முதலில் காரணத்தைத்தான்.

பதில்: பருத்தித்துறையான்

நான் இலங்கைத் தமிழன், இப்போது கனடாவில் வசிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும், போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டி எங்கள் ஆட்களின் முகநூல், இன்ஸ்டாகிராம் பதிவுகள் காணாமற் போவது எங்களுக்குப் புதிய செய்தி அன்று. விடுதலைப் புலிகள் இயக்கம் அமெரிக்க அரசின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் 1997 முதல் இருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் ஆபத்தான அமைப்புகள், தனிநபர்கள் என்று தனக்கென ஓர் இரகசியப் பட்டியலை வைத்திருந்ததும், அதில் இந்த இயக்கமும் இருந்ததும் 2021 அக்டோபரில் அந்தப் பட்டியல் கசிந்தபோது உறுதியாயிற்று. இயக்கத்தைப் புகழ்வது வேறு, போரில் இறந்துபோன தன் மகனின் படத்துக்கு விளக்கேற்றி அதைத் தாய் ஒருவர் பதிவிடுவது வேறு. பின்னால் தெரியும் கொடியின் நிறத்தை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. மேல்முறையீட்டைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்பதையும் எங்களால் அறிய முடிவதில்லை.

இந்த இடத்தில் குர்திய மக்கள் பெற்ற ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். துருக்கியின் இம்ராலித் தீவுச் சிறையில் இருக்கும் குர்தியத் தலைவர் அப்துல்லா ஒஜலானின் தனிமைச் சிறை பற்றிப் பேசுவோம் என்று அழைத்து, அமெரிக்காவில் உள்ள ஒருவர் 2021 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். ஆபத்தான தனிநபரை ஆதரிக்கிறார் என்று அது நீக்கப்பட்டது. ஃபேஸ்புக் ஏற்படுத்திய மேற்பார்வை வாரியம் அதை விசாரணைக்கு எடுத்தபோது வெளிவந்த உண்மை இதுதான்: அப்படிப்பட்டவர்களின் சிறை நிலைமைகளைப் பற்றிப் பேசுவதை அனுமதிக்கும் உள் வழிகாட்டுதல் ஒன்றை நிறுவனமே 2017இல் எழுதியிருக்கிறது, 2018இல் வேறு மீளாய்வு முறைக்கு மாறியபோது அது அங்கே கொண்டுசெல்லப்படாமல் விடுபட்டுவிட்டது, மூன்று ஆண்டுகள் அது இல்லை என்பதையே எவரும் கவனிக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேரின் பதிவுகள் தவறாக அழிந்தன என்பதை யார் போய்த் தேடுவது? அந்த வழிகாட்டுதல் வெளியில் அறிவிக்கப்பட்டிருந்தால், முதல் மாதத்திலேயே ஏதோவொரு குர்தியர் அதை எடுத்துக் காட்டியிருப்பார். விதியை மறைத்து வைத்தபடியால் அது தொலைந்ததும் மறைந்தே கிடந்தது.

சிற்பநேசன் அவர்களே, உங்கள் சிற்பத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. ஆஸ்திரியாவில் 1908இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் பழைமையான வில்லண்டார்ஃப் பெண் சிலை வெறும் 11 சென்ரிமீற்றர் உயரம்தான். அதன் படத்தையே ஆபாசம் என்று ஃபேஸ்புக் நீக்கியது. வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2018இல் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, சிலைகளுக்கு எங்கள் விதியில் விலக்கு உண்டு, தவறு நேர்ந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார்கள். அருங்காட்சியகம் குரல் கொடுத்தால் விலக்கு நினைவுக்கு வருகிறது.

பதில்: தேரடி

பருத்தித்துறையான் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. இந்தியாவில் வழி இருக்கிறது என்று வழக்குக்கட்டு சொன்னார். தளத்தின் குறைதீர் அலுவலர் கைவிட்டால் அடுத்த படி, குறைதீர் மேல்முறையீட்டுக் குழு. 2022 அக்டோபர் திருத்தத்தால் வந்து, 2023 ஜனவரியில் மூன்று குழுக்களாக அமைக்கப்பட்டது. அவற்றுக்கு அப்போது அறிவிக்கப்பட்ட தலைமையைப் பாருங்கள்: ஒன்று உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இணையக் குற்றத் தடுப்பு ஒருங்கிணைப்பு மையத்தின் தலைமை அதிகாரி, இன்னொன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணைச் செயலாளர், மூன்றாவது மின்னணு அமைச்சகத்தின் விஞ்ஞானி. உரிமையாளரின் பிடியிலிருந்து தப்பிக்க மத்திய அரசு நியமிக்கும் குழுவிடம் போக வேண்டியிருக்கிறது. சிற்பப் படத்துக்கு இது பரவாயில்லை. அமைச்சரைக் கேலி செய்த படத்துக்கு?

மேலும், உரிமையாளரே நீக்கினாரா, அரசு சொல்லி நீக்கினாரா என்பதே பல நேரம் பயனருக்குத் தெரிவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்படி அரசு பிறப்பிக்கும் முடக்க ஆணைகளை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆம் விதி சொல்கிறது. அத்தகைய ஆணைகளை எதிர்த்து ட்விட்டர் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 30ஆம் தேதி தள்ளுபடி செய்து, 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. கணக்கு முடங்கியவர்களுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை.

பதில்: சிற்பநேசன்

எல்லோருக்கும் நன்றி. குழுவின் அமைப்பைப் பற்றித் தேரடி ஐயா சொன்ன ஐயம் எனக்கும் இருக்கிறது. இருந்தாலும், கல் சிற்பத்தில் அரசியல் இல்லாததால் போய்ப் பார்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். தளத்திற்கு எழுதும்போது, கணக்கைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்காமல், எந்த விதியின்படி, எந்தப் படத்துக்காக, யார் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று மட்டும் கேட்டால் போதுமா?

பதில்: வழக்குக்கட்டு

இரண்டையும் கேளுங்கள், ஆனால் காரணத்தை முதலில் வையுங்கள். மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தியதோடு நின்றுவிடாமல், இந்தியாவுக்கான குறைதீர் அலுவலர் என்று தளத்தின் உதவிப் பக்கத்தில் கொடுத்துள்ள முகவரிக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள். சிற்பத்தின் படம், நீக்க அறிவிப்பு, கட்டமில்லாத அந்த மேல்முறையீட்டுப் பக்கம் ஆகிய மூன்றின் திரைப்பிடிப்புகளையும் இணையுங்கள். 4(8) விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அலுவலரின் பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் குழுவிடம் இணையவழியே மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் பற்றித் தனிப் பத்தி எழுதுங்கள்: கணக்கைத் தர மறுத்தாலும், அந்தத் தரவின் நகலையாவது தரும்படி மாற்றுக் கோரிக்கையாகக் கேட்டு வையுங்கள்.